இருபடிச் சார்பின் பூச்சியங்களைக் காரணிப்படுத்திக் கண்டுபிடிப்பது எப்படி?

x² − 5x + 6 என்ற சார்பில் x-க்கு 1 போட்டால் 2 வருகிறது. 4 போட்டாலும் 2தான். 10 போட்டால் 56. இப்போது 2 போட்டுப் பாருங்கள்: 4 − 10 + 6, அதாவது 0. 3 போட்டாலும் 9 − 15 + 6 என்று 0 தான் வருகிறது. இப்படிச் சார்பின் மதிப்பைப் பூச்சியமாக்கும் x மதிப்புகளைத்தான் அந்தச் சார்பின் பூச்சியங்கள் என்கிறோம். இருபடிச் சார்பின் வரைபடம் ஒரு பரவளையம், அதாவது நேராகவோ தலைகீழாகவோ நிற்கும் U போன்ற வளைகோடு. அது x அச்சைத் தொடும் அல்லது வெட்டும் இடங்கள்தான் இவை. இருபடி என்பதால் இரண்டுக்கு மேல் இருக்காது. ஒன்று மட்டும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் விடை −18 என்றோ 4/3 என்றோ இருந்தால் எவ்வளவு நேரம் தேடுவது? அதற்குத்தான் காரணிப்படுத்தல், அதாவது சார்பைப் பெருக்கல் வடிவில், காரணிகளாகப் பிரித்து எழுதுவது. இரண்டு அடைப்புக்குறிகளைப் பெருக்கத் தெரிந்து, குறை எண்களைக் கூட்டவும் கழிக்கவும் தெரிந்தால் போதும். வேறு முன்னறிவு எதுவும் வேண்டாம்.

எல்லாம் எதை நம்பி நடக்கிறது?

x² − 5x + 6 என்பதை (x − 2)(x − 3) என்றும் எழுதலாம். பெருக்கிப் பார்த்தால் சரியாக வரும். இரண்டு எண்களைப் பெருக்கிப் பூச்சியம் வந்தால், அவற்றில் ஒன்றாவது பூச்சியமாக இருந்தே தீரும். எனவே (x − 2)(x − 3) = 0 என்றால், ஒன்று x − 2 = 0, இல்லாவிட்டால் x − 3 = 0. முதலாவதிலிருந்து x = 2, அடுத்ததிலிருந்து x = 3. காரணிப்படுத்திப் பூச்சியம் காணும் முறை முழுக்க இந்த ஒரே உண்மையின் மேல்தான் நிற்கிறது.

இது பூச்சியத்துக்கு மட்டுமே உள்ள குணம். மறந்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். (x − 2)(x − 3) = 12 என்று கொடுத்திருந்தால், x − 2 = 12, x − 3 = 12 என்று எழுதிவிடப் பலருக்குக் கை துறுதுறுக்கும். பெருக்கி 12 வர 3 × 4, 2 × 6, 24 × ½ என்று எண்ணற்ற வழிகள் இருக்கின்றன. எனவே எந்தக் காரணியைப் பற்றியும் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. பெருக்கி விரித்து, 12ஐ இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும்: x² − 5x − 6 = 0. இது (x − 6)(x + 1) என்று பிரியும், x = 6 அல்லது −1. சரிபார்த்தால், (6 − 2)(6 − 3) = 4 × 3 = 12. மற்றதற்கு (−3)(−4) = 12. இரண்டும் பொருந்துகின்றன.

எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளி மறுபக்கம் பூச்சியம் வைப்பது இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி அப்படிச் செய்யவில்லை. குறைக் கெழுக்களை (கெழு என்பது x², x போன்றவற்றுக்கு முன்னால் நிற்கும் எண்) ஏற்காமல், முதற்படி, இருபடிச் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வழி சொன்னார். நமக்கு ஒரே வழி போதும் என்று ஆனதற்குக் காரணம் வலப்பக்கத்தில் நிற்கும் அந்தப் பூச்சியம்தான்.

இடையில் ஒரு வேடிக்கை. அவசரமாக இருப்பவர்கள் தாண்டிப் போகலாம். கடிகார முகப்பில் எண்ணுவதுபோல 12 வந்ததும் பூச்சியத்துக்குத் திரும்பும் ஒரு எண் முறையை எடுத்துக்கொண்டால், 3 × 4 அங்கே பூச்சியம். பூச்சியமல்லாத இரண்டைப் பெருக்கிப் பூச்சியம் வந்துவிட்டது! விளைவு, அந்த முறையில் x² − 5x + 6 சார்புக்கு 2, 3, 6, 11 என்று நான்கு பூச்சியங்கள். 6 போட்டால் 36 − 30 + 6 = 12, அது அங்கே 0. நல்லவேளை, நாம் வழக்கமாகப் புழங்கும் எண்களில் இந்தத் தொல்லை இல்லை.

முதல் படி: சுத்தம் செய்வது

கணக்கைக் கையில் எடுத்ததும் பிரிக்கத் தொடங்க வேண்டாம். முதலில் x² உறுப்பு, அடுத்து x உறுப்பு, கடைசியில் மாறிலி (x இல்லாத தனி எண்) என்று வரிசைப்படுத்துங்கள். அப்புறம் எல்லா உறுப்புகளுக்கும் பொதுவான காரணி இருக்கிறதா என்று பாருங்கள். 3x² − 12x − 36 என்பதில் மூன்று கெழுக்களும் 3ஆல் வகுபடுகின்றன. 3(x² − 4x − 12) என்று எழுதிவிட்டால் மீதி வேலை பாதியாகக் குறைந்துவிடும். x²-க்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் அதையும் வெளியே எடுத்துவிடுங்கள்: −x² + 3x + 10 = −(x² − 3x − 10). உள்ளே குறிக் குழப்பம் குறையும்.

வெளியே வந்த 3 பூச்சியம் எதையும் தராது, ஏனென்றால் 3 ஒருபோதும் 0 ஆகாது. ஆனால் வெளியே வருவது x என்றால் கதை வேறு. 5x² − 20x = 5x(x − 4). இங்கே x என்பதும் ஒரு காரணி, எனவே x = 0 ஒரு பூச்சியம், x = 4 இன்னொன்று. 5x² = 20x என்று எழுதி இரண்டு பக்கமும் x-ஆல் வகுத்து x = 4 என்று முடித்துக்கொள்பவர்கள், அந்த 0ஐத் தொலைத்துவிடுகிறார்கள். x-ஆல் வகுக்கும்போது x பூச்சியமல்ல என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். அந்த உரிமை நமக்கு இல்லை.

இரண்டாம் படி: இரண்டு எண்களைத் தேடுவது

முதலில் x²-ன் கெழு 1 ஆக இருக்கும் கணக்குகளைப் பார்ப்போம். (x + 4)(x + 7)ஐப் பெருக்கினால் x² + 7x + 4x + 28, அதாவது x² + 11x + 28. நடுவில் வந்த 11 என்பது 4ம் 7ம் கூடியது, கடைசி 28 அவற்றைப் பெருக்கியது. இதைத் திருப்பிப் போட்டால் காரணிப்படுத்தல் வந்துவிடும்: பெருக்கினால் கடைசி எண்ணும், கூட்டினால் நடு எண்ணும் தரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தேடும்போது பெருக்கலிலிருந்துதான் தொடங்க வேண்டும். கூட்டி 11 வரும் முழு எண் ஜோடிகளுக்கு முடிவே இல்லை (100, −89 கூட அதில் சேரும்). பெருக்கி 28 வரும் மிகை எண் ஜோடிகளோ மூன்றே மூன்று: 1, 28; 2, 14; 4, 7. மூன்றையும் கூட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

குறிகளைப் பற்றி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் தேடல் இன்னும் சுருங்கும். கடைசி எண் மிகை என்றால் இரண்டு எண்களும் ஒரே குறி உடையவை; அந்தக் குறி நடு எண்ணின் குறியேதான். கடைசி எண் குறை என்றால் ஒன்று மிகை, மற்றது குறை. அவற்றில் அளவில் பெரியது நடு எண்ணின் குறியை எடுத்துக்கொள்ளும். அதாவது கடைசி எண் குறையாக இருக்கும்போது ஜோடியின் கூட்டலை அல்ல, வித்தியாசத்தைத்தான் தேடுகிறீர்கள்.

x² + 2x − 48 எடுத்துக்கொள்வோம். 48-ன் ஜோடிகள்: 1, 48; 2, 24; 3, 16; 4, 12; 6, 8. வித்தியாசம் 2 வருவது 6, 8. நடு எண் +2 என்பதால் பெரியதான 8 மிகை, 6 குறை. எனவே (x + 8)(x − 6). இனி ஒவ்வொரு காரணியையும் பூச்சியத்துக்குச் சமப்படுத்துங்கள்: x + 8 = 0 என்றால் x = −8; x − 6 = 0 என்றால் x = 6.

கண்டுபிடித்த எண்கள் 8, −6. பூச்சியங்களோ −8, 6. குறி மாறிவிட்டதைக் கவனியுங்கள். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், எண்ணைத் தேடுவதில் அல்ல. x + 8 = 0 என்ற வரியை எழுதாமல் நேரே விடைக்குத் தாவ வேண்டாம். அந்த ஒரு வரி பெரிய காவல்.

எண்கள் பெரிதாக இருந்தால்

x² − 6x − 432 வந்தால் என்ன செய்வது? 432-க்கு ஜோடிகள் பத்து இருக்கின்றன. எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. வித்தியாசம் 6 மட்டுமே என்பதால் இரண்டு எண்களும் அளவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதாவது 432-ன் வர்க்கமூலமான ஏறத்தாழ 20.8-க்கு இருபுறமும். 20 வகுக்காது, 19 வகுக்காது, 18 வகுக்கும்: 18 × 24. வித்தியாசம் 6. கிடைத்துவிட்டது. (x − 24)(x + 18), பூச்சியங்கள் 24, −18.

தேடவே பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். x²-ன் கெழு 1 ஆக இருக்கும்போது, பூச்சியங்கள் இரண்டின் கூடுதல் நடு எண்ணின் குறியை மாற்றியது, இங்கே 6. எனவே அவற்றின் சராசரி 3. சராசரியிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில், எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும். சராசரியின் வர்க்கத்திலிருந்து அந்தத் தூரத்தின் வர்க்கத்தைக் கழித்தால் பெருக்குத்தொகையான −432 வர வேண்டும். எனவே தூரத்தின் வர்க்கம் 9 + 432 = 441. தூரம் 21. பூச்சியங்கள் 3 + 21, 3 − 21, அதாவது 24, −18. ஊகமே இல்லை. கூடுதலையும் பெருக்கலையும் வைத்து, கூடுதலைப் பாதியாக்கி எண்களைக் காணும் இந்த உத்தி, கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகைகளிலேயே இருக்கிறது.

மூன்றாம் படி: x²-க்கு முன்னால் வேறு எண் இருந்தால்

இங்கேதான் பலர் மலைத்து நிற்கிறார்கள். 6x² + 7x − 20 எடுத்துக்கொள்வோம். பொதுக் காரணி இல்லை. இப்போது முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்குங்கள்: 6 × (−20) = −120. பெருக்கி −120, கூட்டி 7 தரும் இரண்டு எண்கள் வேண்டும். வித்தியாசம் 7 வரும் ஜோடி 8, 15. நடு எண் மிகை, எனவே 15, −8.

நேரே (x + 15)(x − 8) என்று எழுதிவிடக் கூடாது. அந்த எண்களை வைத்து நடு உறுப்பைத்தான் பிரிக்க வேண்டும்:

6x² + 15x − 8x − 20

முதல் இரண்டிலும் பொதுவானது 3x: 3x(2x + 5). அடுத்த இரண்டிலும் பொதுவானது −4: −4(2x + 5). கழித்தல் குறியை வெளியே எடுத்ததும் உள்ளே −20 என்பது +5 ஆக மாறியிருப்பதைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அடைப்புக்குறி வந்துவிட்டால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள் என்று பொருள். வேறு வேறாக வந்தால் குறியில் எங்கோ சறுக்கியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டாவது குழுவில்தான். இப்போது (2x + 5) பொதுவானது என்று எடுத்தால்:

(2x + 5)(3x − 4)

பூச்சியங்கள்: 2x + 5 = 0 என்றால் 2x = −5, x = −5/2. 3x − 4 = 0 என்றால் x = 4/3. கடைசியில் 2ஆலும் 3ஆலும் வகுப்பதை விட்டுவிட்டு −5, 4 என்று எழுதிவிடாதீர்கள்.

15ஐ முதலில் எழுத வேண்டுமா, −8ஐயா என்று கேட்பவர்கள் உண்டு. எப்படியும் எழுதலாம். 6x² − 8x + 15x − 20 என்றால் 2x(3x − 4) + 5(3x − 4), அதே விடைதான்.

முதலையும் கடைசியையும் எதற்காகப் பெருக்கினோம்? விடையிலிருந்து பின்னோக்கிப் போனால் தெரிந்துவிடும். (2x + 5)(3x − 4)ஐ விரிக்கும்போது நடுவில் வருபவை இரண்டு: 5 × 3 = 15, 2 × (−4) = −8. இந்த இரண்டையும் பெருக்கினால் 5, 3, 2, −4 நான்கும் அதில் இருக்கும். முதல் எண்ணான 6 என்பது 2 × 3. கடைசி எண்ணான −20 என்பது 5 × (−4). அவற்றைப் பெருக்கினாலும் அதே நான்கு எண்கள்தான். எனவே நடுவில் ஒளிந்திருக்கும் இரண்டு எண்களின் பெருக்கல் எப்போதும் இரு முனை எண்களின் பெருக்கலுக்குச் சமம். மந்திரம் ஒன்றும் இல்லை.

பார்த்ததும் அடையாளம் காண வேண்டியவை

நடு உறுப்பே இல்லாமல் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் வந்தால் வேலை மிகச் சுலபம்: 9x² − 25 = (3x − 5)(3x + 5), பூச்சியங்கள் 5/3, −5/3. கழித்தலுக்குப் பதில் கூட்டல் இருந்தால், அதாவது 9x² + 25 என்றால், மெய்யெண் பூச்சியம் கிடையாது. வர்க்கம் குறையாகப் போகாது, அதனுடன் 25ஐக் கூட்டி 0 எப்படி வரும்?

4x² − 12x + 9 முழு வர்க்கம்: (2x − 3)². இரண்டு காரணிகளும் ஒன்றே என்பதால் பூச்சியமும் ஒன்றே, 3/2. இங்கே பரவளையம் x அச்சை வெட்டாமல் தொட்டுவிட்டுத் திரும்பும்.

பிரியுமா, பிரியாதா?

எவ்வளவு தேடியும் ஜோடி கிடைக்கவில்லை என்றால் தவறு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். எல்லா இருபடியும் முழு எண்களை வைத்துப் பிரியாது. இதைத் தெரிந்துகொள்ளத் தன்மைகாட்டி உதவும்: நடு எண்ணின் வர்க்கத்திலிருந்து, முதல் எண், கடைசி எண், 4 மூன்றையும் பெருக்கியதைக் கழியுங்கள். கெழுக்கள் முழு எண்களாக இருக்கும்போது, விடை 0, 1, 4, 9, 16 போன்ற முழு வர்க்கமாக வந்தால் மட்டுமே காரணிப்படுத்தல் பலிக்கும். 6x² + 7x − 20-க்கு 49 + 480 = 529, அது 23-ன் வர்க்கம். எனவே நிச்சயம் பிரியும்.

x² + 4x + 1-க்கு 16 − 4 = 12. முழு வர்க்கமல்ல, ஆனால் மிகை. பூச்சியங்கள் இரண்டு இருக்கின்றன. −2 + √3, −2 − √3 என்ற விகிதமுறா எண்கள். இவற்றுக்கு வர்க்கப் பூர்த்தியோ இருபடிச் சூத்திரமோதான் வழி. x² + 2x + 5-க்கு 4 − 20 = −16. குறை எண் வந்தால் மெய்யெண்களில் பூச்சியமே இல்லை, பரவளையம் x அச்சைத் தொடாமலே போய்விடும். இரண்டு நிமிடம் தேடியும் ஜோடி சிக்கவில்லை என்றால் தன்மைகாட்டியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பிடிவாதமாகத் தேடிக்கொண்டிருப்பது நேர விரயம்.

சரிபார்க்கும் குறுக்குவழி

ஒவ்வொரு விடையையும் திரும்பச் சார்பில் போட்டுப் பார்ப்பதுதான் முழுமையான சோதனை. பின்னங்கள் வந்தால் அது சலிப்பூட்டும். அப்போது கூடுதலையும் பெருக்கலையும் பாருங்கள். பூச்சியங்களின் கூடுதல், நடு எண்ணை முதல் எண்ணால் வகுத்துக் குறி மாற்றியது. பெருக்கல், கடைசி எண்ணை முதல் எண்ணால் வகுத்தது. மேலே கண்ட 4/3, −5/2 இரண்டையும் கூட்டினால் −7/6, பெருக்கினால் −20/6. இரண்டும் பொருந்துகின்றன. குறி மாறிப்போயிருந்தால் கூடுதலிலேயே தெரிந்துவிடும்.

ஒரு பயன்பாடு

25 மீட்டர் உயரத்திலிருந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை நேராக மேலே எறிகிறோம். காற்றின் தடையை விட்டுவிட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று தோராயமாக வைத்தால், x வினாடிகளுக்குப் பின் அதன் உயரம் −5x² + 20x + 25 மீட்டர். பந்து எப்போது தரையைத் தொடும்? உயரம் 0 ஆகும்போது. சார்பின் பூச்சியத்தைத்தான் கேட்கிறார்கள்.

−5ஐ வெளியே எடுத்தால் −5(x² − 4x − 5) = −5(x − 5)(x + 1). பூச்சியங்கள் 5, −1. எறிவதற்கு முன்னால் தரையைத் தொட முடியாது, எனவே விடை 5 வினாடி. −1ஐ ஒதுக்கினாலும் அது அர்த்தமில்லாத எண் அல்ல: இதே பாதையில் பந்து தரையிலிருந்தே கிளம்பியிருந்தால், நாம் எறிந்த கணத்துக்கு ஒரு வினாடி முன்பு கிளம்பியிருக்க வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு. பரவளையம் சமச்சீரானது என்பதால் அதன் உச்சி இரண்டு பூச்சியங்களுக்கும் நட்ட நடுவில் இருக்கும்: x = 2. அங்கே உயரம் −20 + 40 + 25 = 45 மீட்டர்.

செய்து பார்க்க

1. x² − 13x + 36
2. x² + x − 56
3. −2x² + 14x − 20
4. 12x² − 27
5. 2x² − x − 15
6. x² + 6x = 16 என்ற சமன்பாட்டின் தீர்வுகள்
7. 3x² + 5x + 4

விடைகள்: முதலாவதுக்கு 4, 9. இரண்டாவதுக்கு 7, −8. மூன்றாவதில் −2ஐ வெளியே எடுத்தால் 2, 5. நான்காவதில் முதலில் 3ஐ எடுங்கள், 3/2, −3/2 கிடைக்கும். ஐந்தாவதில் நடு உறுப்பை −6x + 5x என்று பிரிக்க வேண்டும், 3, −5/2. ஆறாவதில் 16ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்த பிறகுதான் பிரிக்கலாம், 2, −8. ஏழாவதன் தன்மைகாட்டி 25 − 48 = −23, எனவே மெய்யெண் பூச்சியம் இல்லை.